மோரிக் குழாயில் கட்டிய சங்கிலி

என் தங்கை கல்யாணமாகி நெருளுக்குப் போனபோது அவளுடைய நாய் என்னிடம் தங்கிவிட்டது. நாய் மட்டும் கூட வரக் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டில் நிச்சயத்தன்றே சொல்லியிருந்தார்கள். எண்பதுகளின் நடுப்பகுதி அது. அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்த பிறகு, செம்பூரில் ஒரு சாலின், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பின், தரைத்தளத்தில், ஓர் அறையும் அடுக்களையுமான வீட்டில் நாங்கள் இருவரும்தான் இருந்தோம். நான் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். அவள் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்தாள். அதனால் அந்த நாய் தெருவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த நாள் முதல் ஒரு மணி நேரம்கூடத் தனியாக இருந்ததில்லை.

தங்கை போன பிறகு அது காலை எட்டு மணியிலிருந்து இரவு ஏழு மணி வரை தனியாக இருக்கவேண்டி வந்தது.

முதல் நாள் நான் திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். மேலப்பாளையத்துக்காரர். அவர் கணவர் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார்.

"என்ன பிள்ள இது? நீ அந்தப் பக்கம் போனதும் ஆரம்பிச்சது, இப்பந்தான் ஓஞ்சிருக்கு. மனுசப் பிள்ள கணக்கால்லா அழுவுது!"

கதவைத் திறந்தேன். உள்பக்கம் பெயின்ட் முழுவதும் பிறாண்டியிருந்தது. நாயின் முன்கால் நகங்களில் ரத்தம் காய்ந்திருந்தது. என்னைத் தாண்டி வெளியே ஓடி, தங்கை பின்னால் வருகிறாளா என்று பார்த்துவிட்டு, மெதுவாக உள்ளே வந்து படுத்துக்கொண்டது.

அந்த வாரமே மாட்டுங்காவில் ஒரு மிருக டாக்டரிடம் அதைக் கூட்டிப் போனேன். வயதானவர். நகங்களுக்கு மருந்து போட்டுக்கொண்டே சொன்னார்: "நீங்க திரும்பி வருவேள்னு அதுக்குத் தெரியாதும்மா. அதைத்தான் அதுக்குச் சொல்லிக் குடுக்கணும். மொதல்ல ரெண்டு நிமிஷம் வெளில போய்ட்டு வாங்கோ. அப்புறம் அஞ்சு, அப்புறம் பத்து. போறச்சே கொஞ்சிட்டுப் போகாதீங்கோ. கார்த்தால நன்னா ஓட விட்டுக் களைக்கப் பண்ணிட்டுப் போங்கோ. கவிழாத பாத்திரத்துல தண்ணி வைங்கோ. எலும்பு கிலும்பு போட்டுட்டுப் போயிடாதீங்கோ, தொண்டைல மாட்டிண்டா எடுக்க ஆள் இல்ல. எல்லாத்துக்கும் மேல, கட்டிப் போட்டுட்டு மட்டும் போகாதீங்கோ."

ஒன்றரை மாதம் அவர் சொன்னபடியே செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைப் பூட்டிவிட்டுக் கிணற்றடி வரை போய் வருவேன். பிறகு மார்க்கெட் வரை. விடியற்காலையில் எழுந்து ரயில் பாதை ஓரம் அதோடு ஓடுவேன். முப்பது வயதுப் பெண் நாயோடு ஓடுவதைப் பார்த்துப் பால்காரர்கள் சிரித்தார்கள். தங்கை விட்டுப்போன பழைய நைட்டி ஒன்றை அதன் படுக்கையில் போட்டேன். அழுகை குறைந்தது. முழுக்க நிற்கவில்லை.

அது குறைந்ததற்குப் பக்கத்து வீட்டு அக்காவும் ஒரு காரணம். சோறு வடித்த பிறகு அவர் எங்கள் கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து அரிசி பொறுக்குவாராம். "ஏலேய், அழாதல. வந்துருவா. ஆபீஸ் போனவ வராம எங்க போவா?" என்று கதவைப் பார்த்துப் பேசுவாராம். மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாவியைக் கொடுத்து வைக்கட்டுமா என்று ஒருநாள் கேட்டேன்.

"வேண்டாம் பிள்ள. எங்க மார்க்கத்துல, அது வாய் மேல பட்டா ஏழு தண்ணி விட்டுக் கழுவணும். அது மேல எனக்கு வெறுப்புன்னு நெனைக்காத. கதவு நடுவுல இருக்கட்டும், நான் பேசிக்கிடுதேன்."

ஜூன் மாதம் ஒரு நாள் அது மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தள்ளிவிட்டது. எண்ணெய் தரையெல்லாம் பரவி, கதவுக்கு அடியில் வழிந்து, பக்கத்து வாசல் வரை போயிருந்தது. அந்த அக்கா அப்போது கரி அடுப்பில் மீன் பொரித்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் வந்தபோது சாலே வாசலில் நின்றது. அவர் தன் வாசலில் மண்ணைக் கொட்டி எண்ணெயை ஒற்றிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் சொன்னார்கள். ஒரு தீப்பொறி விழுந்திருந்தால் இருபது வீடும் போயிருக்கும் என்றார்கள். அது பொய்யில்லை.

மறுநாள் ஒரு சங்கிலி வாங்கினேன்.

எங்கள் வீட்டு மூலையில் மோரி இருந்தது. குளிக்கவும் பாத்திரம் கழுவவும் அறைக்குள்ளேயே சின்னத் திட்டு கட்டித் தடுத்த இடம். அங்கே சுவரோடு ஒரு இரும்புக் குழாய் ஓடியது. நாயை அதில் கட்டினேன். ஸ்டவ் எட்டாது, தண்ணீர் எட்டும், மூத்திரம் போனாலும் கழுவி விடலாம் என்று கணக்குப் போட்டேன். டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் அவர் எங்கள் சாலில் குடியிருக்கவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாதம் அப்படியே போயிற்று. பழைய அழுகை திரும்பி வந்தது.

ஜூலையில் ஒரு நாள் காலை முதல் மழை கொட்டியது. பகல் பன்னிரண்டு மணிக்கே ஆபீஸை விட்டுவிட்டார்கள். ஹார்பர் லைனில் ரயில் இல்லை. கிடைத்த பஸ் கிங்ஸ் சர்க்கிளோடு நின்றுவிட்டது. அங்கே இடுப்பளவு தண்ணீர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி நடந்தேன். சயான் தாண்டியதும் யாரோ ஒருவர், "செம்பூர் மே பானி கர் மே குஸ் கயா" என்று போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் தண்ணீர். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. வீட்டில் தண்ணீர் முதலில் எங்கே ஏறும் என்று எனக்குத் தெரியும். சாக்கடைத் தண்ணீர் எதிர்த்து ஏறினால் மோரி வழியாகத்தான் வரும்.

சயானிலிருந்து செம்பூருக்கு எவ்வளவு நேரம் நடந்தேன் என்று தெரியாது. ஓடவும் முடியாது. தண்ணீரில் ஓடினால் விழுந்து விழுந்து எழுந்திருக்கத்தான் முடியும். வழியெல்லாம், குழாயிலிருந்து சங்கிலி எத்தனை அடி என்று மனதுக்குள் அளந்துகொண்டே போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது எங்கள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. பூட்டு மாட்டும் கொண்டி பெயர்ந்து தொங்கியது. உள்ளே தொடை வரை கறுப்புத் தண்ணீர். கட்டில் மேல் பக்கத்து வீட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் நாய். அவருடைய வலது கையில் முழங்கை வரை சேலைத் துணி சுற்றியிருந்தது, துணி முழுக்கச் சிவந்திருந்தது.

"வந்துட்டியா பிள்ள" என்றார். குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தது.

பிறகு சொன்னார். தண்ணீர் ஏற ஏற அவர் தன் சாமான்களைப் பரண் மேல் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார். நாய் விடாமல் அழுதிருக்கிறது. திடீரென்று சத்தம் நின்றுவிட்டது.

"மூணு மாசமா கேட்டுக்கிட்டே இருந்த சத்தம். நின்னதும் என்னால நிக்க முடியல. அம்மிக் குழவிய எடுத்துக் கதவுப் பூட்ட அடிச்சேன்."

சங்கிலி குழாயில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது. மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்திருக்கிறது. அவர் கையைத் தண்ணீருக்குள் விட்டுக் கழுத்துப் பட்டையை அவிழ்க்கப் பார்த்தபோது பயத்தில் கடித்துவிட்டது. ஒரு கடி இல்லை, மூன்று. அவர் கையை எடுக்கவில்லை.

அந்தக் காலத்தில் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. தினமும் காலையில் அவரைப் பஸ்ஸில் சயானுக்கு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். ஆபீஸுக்கு லீவு போட்டேன். நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொன்னார்கள்; பத்து நாளும் நன்றாக இருந்தால் பயமில்லை. காலையில் அதைக் கட்டாமல் அறையில் விட்டுப் போவேன். அது அழவில்லை. கதவுப் பக்கமே வரவில்லை. நான் திரும்பும்போது கட்டில் மேல் விட்ட இடத்திலேயே இருக்கும்.

ஏழாவது நாள் அது சாப்பிடவில்லை. எட்டாவது நாள் தண்ணீரும் குடிக்கவில்லை. தண்ணீரைக் கண்டு ஒதுங்குகிறது என்று சாலில் பேச்சு பரவிவிட்டது. அக்காவின் கணவர் என் வாசலில் வந்து நின்றார். அதுவரை என்னை நிமிர்ந்து பார்த்துப் பேசாதவர்.

"தங்கச்சி, மறைக்காமச் சொல்லுங்க. அதுக்கு வெறியா?"

"தெரியலண்ணே."

அவர் தலையில் கை வைத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மாட்டுங்கா டாக்டர் வீட்டுக்கே வந்தார். கண்ணிமையை விலக்கிக் காட்டினார். உள்ளே மஞ்சளாக இருந்தது. எலி மூத்திரம் கலந்த வெள்ளத் தண்ணீரைக் குடித்ததால் வந்த காமாலை என்றார். "நேக்கு அப்படித்தான் படறது. ஆனா நிச்சயமாச் சொல்லணும்னா பரேல் மிருக ஆஸ்பத்திரில பரிசோதனை பண்ணணும்." மோரி மூலையில் இருந்த குழாயையும் அதில் தொங்கிய சங்கிலியையும் அவர் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஒன்பதாவது நாள் மத்தியானம் நாய் செத்தது. கோணியில் சுற்றி, டாக்ஸி பிடித்து, பரேலுக்கு நானே கொண்டுபோனேன். வெறி இல்லை என்று முடிவு வருவதற்குள் அக்காவுக்கு ஊசி எல்லாம் போட்டு முடிந்திருந்தது. அந்த நாட்களில் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் அதைக் கவனித்திருப்பார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். வெள்ளம், கடி, காமாலை எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவும் வந்து உட்கார்ந்திருந்தார். ஊசி போட்ட வயிறு வீங்கியிருந்ததால் சுவரில் சாய்ந்துதான் உட்கார முடிந்தது.

தங்கை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நீ அதக் கட்டிப் போட்டிருந்தியாக்கா?"

"இல்ல. அவுந்துதான் கெடந்துச்சு."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, "அன்னைக்குத் தண்ணி அப்பிடிம்மா. யார் என்ன செய்ய முடியும்?" என்றார். தங்கை அவருடைய கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது அக்கா வாசலில் இருந்தார்.

"நான் ஒனக்காகச் சொல்லல பிள்ள" என்றார். "வாழப்போன வீட்ல ஒரு மூலைல உக்காந்து அழுவாள்லா. அதுக்காகத்தான்."

அடுத்த வருடம் அவர்கள் தாராவியில் பட்டறைக்கு மேலேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். போகும்வரை என்னோடு எப்போதும்போலத்தான் பேசினார், ஆனால் என் வீட்டுக்குள் மறுபடியும் வரவில்லை.

சில வருடங்கள் கழித்துத் தங்கை தனிக்குடித்தனம் போனாள். ஒரு நாய்க்குட்டி வாங்கப் போவதாகச் சொல்லி, கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் நேரத்தில் வந்து பார்த்துக்கொள்ள முடியுமா என்று என்னைக் கேட்டாள். நான் அப்போது வேலையை விட்டிருந்தேன். முடியாது என்றேன்.

"எனக்குப் புரியுதுக்கா" என்றாள். "நீ அத அவ்வளவு நல்லாப் பாத்துக்கிட்டே. இன்னொண்ண எப்படிப் பாப்பே?"

நான் தலையாட்டினேன்.