அவருக்காக நான் குடித்த கஷாயம்

என் வீட்டுக்காரருக்குப் பிரஷர் வந்த வருடம், எங்கள் தெருவில் பிரஷர்காரி என்று பெயர் எடுத்தது நான்தான்.

அவர் மைன்ஸில் காண்ட்ராக்ட் ஆள். கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்த நாளிலிருந்து நான் கேட்டுவரும் ஒரே வார்த்தை பெர்மனென்ட். இந்த முறை வரும், அடுத்த முறை வரும் என்று இலவு காத்த கிளியாக உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அவர் பெயர் லிஸ்டில் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட சமயத்தில்தான், தலைவலி தாங்காமல் பண்ருட்டியில் ஒரு டாக்டரிடம் போனார். பிரஷர் ரொம்ப அதிகம் என்று சொல்லி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இவர் அந்தச் சீட்டை பஸ் ஸ்டாண்டிலேயே கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"மாத்திரைய எவனாவது பாத்துட்டா மெடிக்கல்ல அன்ஃபிட்டுன்னு கழிச்சுடுவானுங்க. தழைன்னா யாருக்குத் தெரியப்போவுது? கீர துன்றான்னு நெனச்சிக்குவாங்க."

என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. பேசினால் கத்துவார், கத்தினால் பிரஷர் ஏறும். பெண்டாட்டி நல்லது சொன்னாலே ஏறுகிற நோய் வேறு ஏதாவது உண்டா என்று தெரியவில்லை.

முருங்கைக்கீரைச் சாறும் பூண்டும் எனக்குத் தெரிந்தவை. வேறு என்ன கொடுக்கலாம் என்று கேட்கப் பக்கத்து வீட்டு அக்காவிடம் போனேன். திருநெல்வேலிக்காரர். யாருக்கு என்று அவர் கேட்டதும் என் வாய் தானாக, "எனக்குத்தாங்க்கா" என்றது. அத்தோடு பிடித்தது வினை.

தினமும் காலையில் மருதம்பட்டையைத் தன் வீட்டிலேயே காய்ச்சி, டம்ளரோடு வந்து நிற்பார். "பட்டைய குடுங்க, நானே காய்ச்சிக்கிறேன்" என்றால், "நீங்க செய்ய மாட்டீங்க, எனக்குத் தெரியாதா" என்பார். நான் முழுவதும் குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டும்வரை நகர மாட்டார். அன்பான மனுஷி. அன்பானவர்களிடமிருந்து தப்பிக்க வழியே கிடையாது. இல்லாத நோய்க்கு நான் துவர்ப்பை விழுங்கிக்கொண்டிருக்க, நோய் உள்ளவர் உள்ளே படுத்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. மருந்து வேலை செய்கிறது என்றார் அக்கா.

சாறும் பூண்டும் இவருக்குப் போதவில்லை. ஷிப்ட் முடிந்து முகம் சிவக்க வருவார். "மாத்திரையும் போட்டுக்கினு இதையும் குடிங்களேன்" என்று கெஞ்சினேன். லிஸ்ட் வரட்டும் என்றார். எனக்குப் பயமாக இருந்தது. வெளியே சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவார். யாரிடம் போய் அழுவது என்று தெரியாமல் கீரையை உருவிக்கொண்டிருந்தேன்.

லிஸ்ட் வரவில்லை. ஒரு நாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாய் கோணி ஒரு பக்கமாகச் சரிந்தார். அக்காதான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தார், ஆஸ்பத்திரிக்கும் கூடவே வந்தார். பிரஷரைப் பார்த்த டாக்டர், ஏற்கெனவே இருந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"அவருக்கு ஒண்ணும் கிடையாது சார். பிரஷர் இவங்களுக்குத்தான். நான்தான் தெனமும் மருந்து குடுக்கேன்."

இவர் ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி என்னைப் பார்த்தார். பேச்சு வரவில்லை. அசைகிற கையால் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சொல்லாதே என்று தலையை ஆட்டினார்.

"அவருக்குத்தான் சார்" என்றேன். "ரொம்ப நாளா இருக்குது."

என் கையை விட்டுவிட்டார்.