ஐஸில் வந்த மடவை

எங்கள் குப்பத்துக்குள் முதன்முதலாக வந்த ஏசி பஸ், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்ததுதான். அதற்கு முன்னால் பெரிய வண்டி என்றால் எங்களுக்குக் கண்டெய்னர் லாரி. பஸ் திரும்ப இடமில்லாமல் கோயில் பக்கத்திலேயே நின்றுவிடும். பிள்ளைகள் தொப்பி போட்டுக்கொண்டு இறங்குவார்கள். காலில் வெள்ளை ஷூ. ஆற்றுச் சேற்றுக்கு யாராவது வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வருவார்களா என்று நாங்கள் சிரிப்போம்.

எனக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது இருக்கும்.

அவர்களைக் கூட்டி வருபவர் ஒரு சார். எங்கெங்கோ இருக்கும் பள்ளிகளில் பேசி, மாதத்துக்கு ஒரு பஸ் கொண்டுவருவார். எண்ணூரில் நாங்கள் ஆறு என்பதை அவர் கழிமுகம் என்பார். அலையாத்திச் செடி, கொக்கு, நண்டு வளை எல்லாம் காட்டுவார். பிள்ளைகள் பாட்டிலில் தண்ணீர் மொண்டு, அதில் ஒரு காகிதத் துண்டை நனைப்பார்கள். காகிதம் நிறம் மாறும். எனக்கு ஒன்று கொடுக்க மாட்டார்களா என்று சுற்றிச் சுற்றி வருவேன்.

அவர்களுக்குப் படகு ஓட்டியவர் என் மாமா. அம்மாவுக்குத் தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்கள் வீட்டோடு இருந்தார். ஆற்றில் வலை போடுவதுதான் தொழில்.

எங்கள் பக்கத்தில் ஆற்றுத் தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். மின் நிலையத்துப் பக்கமிருந்து வரும் தண்ணீர். மார்கழியில் நாங்கள் அதில்தான் குளிப்போம். அடுப்பு மூட்டாமல் வெந்நீர். இந்த வசதி வேறு எந்த ஊரில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

மீன்தான் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. வலையில் சேறு வரும். பிளாஸ்டிக் கவர் வரும். மாமா அதை உதறிவிட்டு மறுபடி போடுவார்.

ஒரு தடவை சார் கிளம்பும்போது சொன்னார்.

"அடுத்த தடவை வலையை இழுத்துக் காட்டுங்கண்ணா. பசங்க நேர்ல பாக்கட்டும்."

மாமா தலையை ஆட்டிவிட்டார். அதற்கப்புறம் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. கரையில் அவரோடு படகு கட்டுகிறவர்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது.

"இன்னா மாமு, வலையில இன்னா காட்டப் போற? சேறா, செருப்பா?"

"உன் மூஞ்சியக் காட்றேன், போடா."

அம்மா சொன்னாள்: "இல்லாதத இல்லன்னு காட்டேன்டா. தூக்குலயா போடப் போறாங்க?"



பஸ் வருகிற அன்று விடியுமுன்னே மாமா என்னை எழுப்பினார். டிவிஎஸ்ஸில் பின்னால் உட்காரவைத்து, மடியில் தெர்மகோல் பெட்டியைக் கொடுத்தார். காசிமேட்டு மீன் சந்தைக்குப் போனோம். அவ்வளவு மீனை நான் அதுவரை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. வஞ்சிரம் ஆள் உயரத்துக்குப் படுத்துக் கிடந்தது. சங்கரா சிவப்பாக மின்னியது. நான் அதைக் காட்டினேன்.

"அதுமேல கண்ண வெக்காத பாப்பா. அது கடலு மீனு. நம்ம ஆத்துல வருமா?"

மடவையும் கிழங்கானுமாகப் பார்த்துப் பார்த்து எடுத்தார். எல்லாம் ஆற்றில் கிடைக்கிற மீன். மாமாவைத் தெரிந்த மீன்காரம்மா சிரித்தாள்.

"இன்னா நைனா, எண்ணூர் ஆத்துக்காரன் காசிமேட்டாண்ட வந்து மடவ வாங்குற?"

"வூட்டுக்கு விருந்தாளி வர்றாங்கக்கா."

பெட்டியில் ஐஸ் கொட்டி மூடினாள். வழியெல்லாம் அந்தக் குளிர் என் தொடையில் இறங்கியது.

கரைக்குப் பக்கத்திலேயே வலை கட்டியிருந்தது. மாமா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று, ஒவ்வொரு மீனாக வலைக்கண்ணில் செவுளை மாட்டினார். நான் படகிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒன்றை நானே மாட்டினேன். உடனே கழற்றிவிட்டார்.

"வாய உள்ளாண்ட வையி. தண்ணி ஏத்தத்துல கடலாண்டயிருந்து ஏறி வர்ற மீனு வேற எப்டி மாட்டும்? எவனாவது பாத்தா சிரிப்பான்."

எல்லா மீனும் கடல் பக்கம் வாலும் உள்பக்கம் வாயுமாக நின்றன. மாமா எட்ட நின்று பார்த்தார். ஒன்றை மட்டும் கொஞ்சம் தள்ளி மாட்டினார். சீராக இருந்தால் நம்ப மாட்டார்களாம். அதற்குள் பஸ் ஹாரன் கேட்டது. நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

"நீ வாயத் தொறக்கக் கூடாது, இன்னா?"

வாயைக் கையால் பொத்திக் காட்டினேன்.

படகில் ஏழெட்டுப் பிள்ளைகள், ஒரு டீச்சர், சார். நான் முன்பக்கம் உட்கார்ந்தேன். கண்ணாடி போட்ட ஒரு அக்கா, கயிறு கட்டிய தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டு எடுத்து, "ஐயோ, பாத்ரூம் கீசர் மாதிரி இருக்கு!" என்றாள். எல்லாரும் கையை விட்டுப் பார்த்தார்கள்.

மாமா வலையை இழுத்தார். முதல் மடவை வெளியே வந்ததும் படகே ஆடியது. கை தட்டினார்கள். "சூப்பர் அங்கிள்!" என்று ஒரு பையன் கத்தினான். டீச்சர் போனை எடுத்தார். மாமா ஒவ்வொன்றையும் கழற்றி, பேர் சொல்லிச் சொல்லிக் கூடையில் போட்டார். அவர் அப்படிச் சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை. சார் மட்டும் கை தட்டவில்லை.

கண்ணாடி அக்கா ஒரு மடவையை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"அங்கிள், இது ஏன் இவ்ளோ ஜில்லுனு இருக்கு?"

மாமா கை நின்றது.

வாங்கும்போது மீனின் இனம் பார்த்திருந்தார். மாட்டும்போது அது திரும்பி நிற்கும் பக்கம் பார்த்திருந்தார். மீன் ஜில்லென்று இருப்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. ஐஸ் மீனைத் தொட்டுப் பழகிய கை.

"அது... அடியில கெடக்குற மீனும்மா. அடித்தண்ணி ஜில்லுனுதான் கீது."

அந்த அக்கா கெட்டிக்காரி. தெர்மாமீட்டரை அடிவரைக்கும் விட்டாள். கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுத்தாள்.

"கீழயும் சூடாதான் இருக்கு அங்கிள்."

மாமாவின் காது சிவந்துவிட்டது. நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டேன். அந்த அக்கா மாமாவைப் பார்த்தாள். சாரைப் பார்த்தாள். அப்புறம் மீனைக் கூடையில் மெதுவாக வைத்துவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"சரி, அலையாத்தி பக்கம் போலாம்ணா," என்றார் சார்.

மதியம் வலைக் கொட்டகையில் பந்தி. அம்மா அந்த மீனையெல்லாம் வறுத்துப் போட்டாள். கண்ணாடி அக்கா இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் தின்றாள். மாமா ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன்.

பஸ் கிளம்புவதற்கு முன் சார் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டார். நான் படகின் மறைவில் இருந்தேன்.

"ஏண்ணா இப்படிப் பண்ணீங்க? மீன் இல்லைன்னு காட்டத்தானே இழுக்கச் சொன்னேன். இப்ப இந்தப் பசங்க போய் எண்ணூர்ல நல்லா மீன் கெடைக்குதுன்னுதானே சொல்லும்?"

"சொல்லட்டுமே சார்."

"அப்புறம் உங்களுக்காக யாருண்ணா நியாயம் கேப்பாங்க?"

மாமா சேற்றைக் காலால் கிளறிக்கொண்டு நின்றார்.

"அவ்ளோ தூரத்துலயிருந்து வந்துகிற புள்ளைங்க சார். வெறும் வலையவா தூக்கிக் காட்டச் சொல்ற?"

"அதைத்தாண்ணா காட்டணும்."

அடுத்த மாதம் மாமா காசிமேட்டுக்குப் போகவில்லை. வலையை எப்போதும் போலப் போட்டார். பிள்ளைகள் முன்னால் இழுத்தார். சேறு, இரண்டு கவர், விரல் நகம் அளவு ஒரு நண்டு. சார் நின்று விளக்கிச் சொன்னார். பிள்ளைகள் கவனமாகக் கேட்டார்கள். போட்டோ எடுத்தார்கள்.

"அங்கிள், கொஞ்சம் மேல தூக்குங்க. முகம் தெரியல."

மாமா தூக்கினார்.

அதற்கப்புறம் வந்த எல்லா பஸ்ஸுக்கும் அப்படித்தான். போகப் போக யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெளிச்சம் முகத்தில் விழுகிற பக்கமாகத் தானே திரும்பி, வலையைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். போட்டோ எடுத்து முடிகிறவரை நிற்பார். அந்தப் படங்கள் நல்லா வேலை செய்கின்றன என்று சார் சொன்னார். பெரிய ஆட்கள் சிலர் வந்து ஆற்றைப் பார்த்துவிட்டுக்கூடப் போனார்கள்.

எனக்கு இது பிடித்திருந்தது. விடியக்காலையில் எழுந்திருக்க வேண்டாம். ஐஸ் பெட்டி சுமக்க வேண்டாம். வாயைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டாம். வெறும் வலை. தூக்கிப் பிடித்தால் போதும். இதைவிட லேசான வேலை உண்டா?

ஆனால் பஸ் வருகிற நாளில் மட்டும் மாமா மத்தியானம் சாப்பிட மாட்டார். எல்லாரும் போன பிறகு கொட்டகையில் உட்கார்ந்து, அலசிய வலையையே மறுபடி அலசுவார். அம்மா தட்டை மூடி வைத்துவிட்டுப் போவாள்.

ஒருநாள் நான் கேட்டேன்.

"இன்னா மாமா, வவுறு வலிக்குதா?"

என்னைப் பார்த்தார். "ஆமா பாப்பா."

வீட்டுக்கு ஓடிப் போய் ஓமத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரே மடக்கில் குடித்தார்.

"சரியாப் பூட்ச்சா?"

"சரியாப் பூட்ச்சு."

சாப்பிடத்தான் வரவில்லை. கொடுத்தது பத்தவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த பஸ் வந்த அன்றைக்கு, பெரிய டம்ளர் நிறைய ஓமத் தண்ணீரைக் காலையிலேயே எடுத்து வைத்துவிட்டேன்.