முந்தி வந்த ஓம்

எனக்குக் காவின் எழுதி நிக்காஹ் முடிக்கவிருந்த நாள் காலை பத்து மணிக்கு, மருதோன்றி போட்ட கையோடு நான் கல்முனை பஸ் டிப்போவுக்குப் பக்கத்தில் மாமாவின் கொமினிகேஷன் கடையில் மோடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கலியாணப் பெண் வீட்டு அறையை விட்டு வெளியே வரக்கூடாத நாள். ஆனால் அந்தக் கடையில் இன்டர்நெட் தெரிந்த ஒரே ஆள் நான்தான். என் நசீபு அப்படி.

தொண்ணூறுகளின் கடைசி அது. வாப்பா கட்டாரில், டோஹாவிலிருந்து வெகுதூரம் பாலைவனத்துக்குள் ஒரு கம்பனி முகாமில் ஸ்டோர் கீப்பர். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் மாப்பிள்ளை வருவார். அந்த வீட்டுக்காகத்தான் வாப்பா போனார். சுவர் எழும்பியிருந்தது, கூரை இன்னும் இல்லை. கொன்ட்ராக்ட் முடிய மூன்று மாதம் கிடந்தது. மாப்பிள்ளைக்கோ ரியாத் விசா வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை பயணம். "காவினை எழுதிப்போட்டுப் போகட்டும், வீடு பிறகு பாப்பம்" என்றார்கள் அவர் வீட்டார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதில் இனி என்ன வெட்கம், மிகவும் பிடித்திருந்தது. நானும் அவரும் ஒரே டியூட்டரியில் படிப்பித்தவர்கள்.

பெண்ணின் வாப்பா சம்மதிக்காமல் காவின் எழுத முடியாது. அவர் ஊரில் இல்லையென்றால் அந்தப் பொறுப்பைக் காவின் எழுதும் பள்ளிவாசல் லெவ்வையிடம் தன் வாயால் ஒப்படைக்க வேண்டும். கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. முகாமில் டெலிபோனைத் தொழிலாளிகள் தொட முடியாது. கம்பனி கம்பியூட்டர் மட்டும் இருந்தது, அதுவும் டோஹா அலுவலகத்தோடு மட்டும் சட்டலைட்டில் பேசும். டோஹாவில் இருந்த மலையாளி என்ஜினியர் வாப்பாவுக்கு இரங்கி ஒரு வழி செய்து தந்தார். எங்கள் கடையிலிருந்து அவருடைய மெசினுக்கு ஒரு டனல். நான் அனுப்புவதை ஓர் உறைக்குள் போட்டு, அந்த உறையை இன்னோர் உறைக்குள் போட்டு டோஹாவுக்கு அனுப்பும். அங்கே வெளி உறையைக் கிழித்து, உள்ளே இருப்பதை முகாமுக்குக் கொடுக்கும். பெரிய மேலாளர் எங்கள் நேரம் பன்னிரண்டு மணிக்கு முகாமுக்குத் திரும்புமுன் கதைத்து முடித்துவிட வேண்டும். அதுதான் என்ஜினியர் போட்ட ஒரே நிபந்தனை.

கதைக்க முன் அளந்து பார்த்தேன். நான் அனுப்பிய ஒன்று முகாமைத் தொட்டுத் திரும்பி வர நாலு செக்கன். கொழும்பு, கடல், டோஹா, வானம், பாலைவனம் எல்லாம் சுற்றி வருவதற்கு நாலு செக்கன் பெரிதல்ல. கடைக்கு வந்திருந்த லெவ்வையிடம் படித்துப் படித்துச் சொன்னேன், ஒரு கேள்வி கேட்டால் பதில் வருமட்டும் பொறுங்கள் என்று. அவர் தலையை ஆட்டினார். பள்ளியில் நாற்பது வருடம் கதைத்த மனிசன், சும்மா இருக்க அவருக்கு எங்கே வரும்?

மைக்கைப் பிடித்து ஸலாம் சொன்னார். "கேக்குதா?" என்றார். இரண்டு செக்கன் பார்த்தார், பொறுமை போய்விட்டது. "உங்கட மகள்ட காவின எழுத எனக்குப் பொறுப்புத் தாறீங்களா?" என்று கேட்டே விட்டார்.

கடைசிச் சொல் அவர் வாயை விட்டு வந்து ஒரு செக்கன்கூட ஆகவில்லை. ஸ்பீக்கரில் வாப்பாவின் குரல்: "ஓம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் லெவ்வை. மாமா சந்தோசத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல டெலிபோனைத் தூக்கினார். இன்டர்நெட் ஓடுவதும் அதே லைனில்தான். மோடம் ஒரு தரம் கிறீச்சிட்டு அறுந்தது.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். போய் வர நாலு செக்கன் எடுக்கும் பாதையில் ஒரு செக்கனில் பதில் எப்படி வரும்? அந்த ஓம், கேட்குதா என்றதற்கு வந்த ஓம். சம்மதத்துக்கான கேள்வி அப்போது வாப்பாவின் காதுக்கே போயிருக்காது.

சொல்லாமல் விட்டிருக்கலாம். இந்த ஊரில் அது என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. லெவ்வை கேட்டார், வாப்பா ஓம் என்றார், கேட்டவர்கள் மூன்று பேர். அஸர் தொழுகைக்குப் பிறகு காவின், ஞாயிறு அவர் பயணம், நான் அவருடைய பெண்சாதி. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் வாப்பா கொடுக்காத சம்மதத்தில் எழுதினால் அது காவினா? பிறகு வாழுகிற வாழ்க்கை முழுக்க ஹராமென்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வது? யா அல்லாஹ், இந்தக் கணக்கை எனக்கு ஏன் தெரிய வைத்தாய் என்று இருந்தது.

"மாமா, அந்த ஓம் இதுக்கில்ல" என்றேன்.

"எதுக்கில்ல?"

"கேக்குதா என்டதுக்குத்தான் வாப்பா ஓம் சொன்ன. மற்றக் கேள்வி அங்க போய்ச் சேரல்ல."

"உனக்கென்ன புள்ள, பைத்தியமா? உன்ட காதாலயும் கேட்டாய்தானே?" மாமாவுக்கு முகம் சிவந்தது. "வேலியில போன ஓணான எடுத்து மடியில விடுறாய் நீ."

லெவ்வை தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். "சந்தேகத்தோட நான் எழுதமாட்டன். திரும்ப எடுங்க."

திரும்ப டயல் பண்ணினேன். மணி பத்தரை. ஒவ்வொரு தரமும் கொழும்பிலிருந்து என் மெசினுக்குப் புது விலாசம் ஒன்று கிடைக்கும். டோஹா மெசின் என் பழைய விலாசத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. அவசரத்தில் நான் என்ஜினியருக்கு எழுதினேன்: உங்கள் மெசினில் பாதை சொல்லும் பழைய வரிகள் எல்லாவற்றையும் அழியுங்கள், தெரியாதது எதுவானாலும் இந்தப் புது விலாசத்துக்கு அனுப்புங்கள். அவர் அப்படியே செய்தார். டனல் எழும்பியது. முகாம் மட்டும் பேசவில்லை.

பாதையைத் தடம் பார்க்கும் கட்டளையைப் போட்டேன். முதல் வரியில் டோஹா. இரண்டாவதில் என் மெசின். மூன்றாவதில் டோஹா, நாலாவதில் திரும்ப நான். முப்பது வரிக்கும் அதே இரண்டு விலாசம். ஒவ்வோர் உறையும் இத்தனை கைதான் மாறலாம் என்று ஒரு கணக்கோடு வருவது, கணக்கு முடிந்ததும் செத்துப்போகும். நான் திரும்பத் திரும்ப அனுப்பினேன், எல்லாம் நடுவழியிலேயே செத்தன. கேபிளைக் கழற்றிப் போட்டேன், மெசினை நிறுத்தி எழுப்பினேன், வாயில் வந்த ஸூராவெல்லாம் ஓதினேன். பதினொன்றே கால். மாமா கடைக்குள் நடந்துகொண்டே இருந்தார். வீட்டில் உம்மா ஊருக்கே சோறாக்கிக்கொண்டிருக்கிறா என்று இடைக்கிடை ஞாபகப்படுத்தினார். எனக்குக் கண்ணீர் வந்து திரை மங்கியது, மருதோன்றிக் கையால் துடைத்தேன்.

பதினொன்றரைக்குத்தான் மண்டையில் ஏறியது. எல்லா வரியையும் அழி என்றதில் முகாமுக்குப் போகும் வரியும் அழிந்திருக்கிறது. டோஹா மெசினுக்கு இப்போது முகாம் எங்கே என்றே தெரியாது, தெரியாததை எனக்கு அனுப்புகிறது. எனக்கும் தெரியாது, நான் அதற்கே திருப்பி அனுப்புகிறேன். பிழை வேறு யாருடையதுமல்ல, என்னுடையது. அந்த ஒரு வரியைத் திரும்ப எழுதும்படி என்ஜினியரைக் கெஞ்சினேன். பத்து நிமிடம் பதில் இல்லை. பிறகு 'செய்தாயிற்று' என்று வந்தது.

பதினைந்து நிமிடம் மிச்சம். இந்த முறை டெலிபோனை என் மடியில் வைத்துக்கொண்டேன். லெவ்வையிடம், கேட்ட பிறகு பத்து வரை எண்ணச் சொன்னேன். அவர் கேட்டார். விரலை மடக்கி எண்ணினார். ஐந்தில் வாப்பா வந்தார்.

"இப்ப வேணாம் லெவ்வை. இத நாலு தரம் சொல்லிட்டன், அங்க வரல்லியா? மூணு மாசம் பொறுக்கச் சொல்லுங்க. கூரையப் போட்டு, நான் வந்து, என்ட கையால புடிச்சிக் குடுக்கோணும். அதுக்குத்தான் இந்த மணலுக்குள்ள கிடக்கன்."

லெவ்வை மைக்கைக் கீழே வைத்தார். மாமா என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் என்னால் எழுத முடியாது. "உன்ட கையாலயே வெட்டிக்கிட்டாய்" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல இறங்கிப் போனார். அந்த வீட்டார் மூன்று மாதம் பொறுக்கவில்லை. ஒரு கிழமைகூடப் பொறுக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையே வேறு இடத்தில் பெண் பேசினார்கள்.

அன்று மாமா இறங்கிப் போன பிறகும் ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருந்தது. வாப்பா கதைத்துக்கொண்டேயிருந்தார், இங்கே யாரும் பதில் சொல்லாதது அவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

"மகள் அங்க இரிக்காவா?"

மைக்கை எடுத்தேன். "இரிக்கன் வாப்பா."

நாலு செக்கன்.

"வாப்பாவோட கோவமா மகள்?"

"இல்ல வாப்பா. எனக்கொரு கோவமும் இல்ல."

நான் சொன்ன பொய் அது. எந்த இடத்திலும் சுற்றாமல், ஒரு சொல் உடையாமல், முதல் தரத்திலேயே போய்ச் சேர்ந்தது. வாப்பா சிரித்தார்.