மண்ணுக்குள் போன கரண்ட்டும் புகார் மேசைக்காரரும்

மின் அலுவலகத்தின் பின்பக்கம், பழைய மீட்டர்கள் குவிந்துகிடக்கும் அறையை ஒட்டி உட்கார்ந்து, ஊராரின் வசவைச் சம்பளத்துக்கு வாங்கிக்கொள்பவர் அவர். பதவியின் பெயர் புகார் உதவியாளர். உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் இடிதாங்கி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாராவது திட்டினால் அன்றைக்குச் சோறு இறங்காது. இப்போது ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவே நாலு திட்டு இறங்கும். உப்பு கூடவா, குறைவா என்பதும் அவருக்குத் தெரியாது.

முன்பெல்லாம் கம்பிகள் தலைக்கு மேலே போயின. காற்றடித்தால் கிளை விழும், கம்பி அறும், கரண்ட் போகும். அறுந்த இடத்தைத் தெருவே கைநீட்டிக் காட்டும். லைன்மேன் ஏணியைச் சாத்தி ஏறுவார். கீழே நின்று யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. இடிதாங்கி போனில் "இப்ப வந்துரும்" என்பார். வந்தும்விடும்.

பிறகு மேலிடத்தார் காற்றுக்கு ஒரு பாடம் கற்பிக்கத் தீர்மானித்துக் கம்பிகளைக் கேபிளாக்கி மண்ணில் புதைத்தார்கள். காற்று தோற்றது உண்மை. அடிக்கடி போன கரண்ட் எப்போதாவதுதான் போனது. ஆனால் மழைத் தண்ணீர் கீழ்நோக்கித்தான் போகும் என்ற செய்தியை எந்தக் கூட்டத்திலும் யாரும் எழுப்பவில்லை. கேபிளின் ஒட்டுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் எந்த ஒட்டு என்று மண்ணா வாய்திறந்து சொல்லும்? பழுது எங்கே என்று தேடும் சோதனை வண்டி வரவேண்டும். ஊருக்கே ஒரு வண்டி. வந்து தோண்டினால் முதல் குழி குடிநீர்க் குழாயில் போய் முடியும். கரண்ட் வர மறுநாள் ஆகும். இந்த மாற்றம் பற்றிய சுற்றறிக்கை இடிதாங்கியின் வாய்க்கு மட்டும் வந்துசேரவில்லை.

விடாமல் மழை பெய்த ஒரு காலையில் போன் வந்தது.

"அண்ணே, கரண்ட் இல்லண்ணே."

"எந்தத் தெரு?"

"நேத்து சொன்ன அதே தெருதான். தெரு இன்னும் அங்கயேதான் இருக்கு."

"இப்ப வந்துரும்."

அடுத்த போனில் அவர் மனைவி.

"என்னங்க, நம்ம வீட்லயும் போயிருச்சு. அப்பாவோட ஆக்சிஜன் மிஷின் நின்னுருச்சு. சிலிண்டர் மதியம் வரைக்கும்தான் தாங்கும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகவா, வேணாமா?"

"இப்ப வந்துரும்மா."

வைத்துவிட்டார். சோதனை வண்டி ஊரின் மறுகோடியில் சேற்றில் சிக்கிக் கிடப்பது அவருக்கு முன்பே தெரியும். தெரிந்தது தலைக்கு; பேசியது வாய். இரண்டுக்கும் வெகுநாளாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதுதான் 'மதியம் வரைக்கும்' என்பது காதில் விழுந்தது. மாமனாரின் மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம். ஆனாலும் கை அரசாங்க வேலைபோல் நிதானமாக எண்களை அழுத்தியது. மணி வெகுநேரம் அடித்தது.

"கரண்ட் நாளைக்குத்தாம்மா வரும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு."

"கிளம்பி, வந்து, படுக்கவச்சு, மூக்குல குழாயும் மாட்டியாச்சு. மூச்சு சீராயிருச்சு. தூங்குறாரு."

"நான்தான் இப்ப வந்துரும்னு சொன்னேனே?"

"அதனாலதாங்க கிளம்பினேன்."

போனை வைத்தார். நிம்மதி வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தார். அவமானமாவது வரும் என்று இன்னும் கொஞ்சம் பார்த்தார். அடுத்த போன்தான் வந்தது.