கம்பெனி பஸ்ஸில் அமிர்தவள்ளியின் ஜன்னல் சீட்

இன்று காலை மாதனூர் பஸ் நிறுத்தத்தில் சந்தித்தது யாரைத் தெரியுமா? அமிர்தவள்ளி அக்காவை! ஷூ கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாகத் தையல். ரத்தப் புற்றுநோய் வந்து மூன்று வருஷம். தினமும் மாத்திரை, தினமும் வேலை. அந்த வேலைதான் போன மாதம் போகப் பார்த்தது.

அவர் வைத்தியம் பார்க்கும் வேலூர் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக்காக அவரிடம் ரத்தம் கேட்டார்கள். "எடுத்துக்கோங்க. ஆனா அத வெச்சு இன்னா பண்றீங்கன்னு காட்டினாதான் கையெழுத்து" என்று கையைக் கட்டிக்கொண்டார். ஆராய்ச்சி மாணவி ஃபீபி மைக்ராஸ்கோப் படம் ஒன்றை எடுத்து வந்தாள். சாம்பல் நிறத்தில் குட்டிக் குட்டி வட்டங்கள்.

"கேன்சர் செல்லு இந்த மாதிரி பை பையா விடுதுக்கா. உள்ள சேதி இருக்கு. ஒடம்புக்குள்ளயே அத வாங்கின பக்கத்து செல்லு கேன்சருக்குத் தோதா மாறிடுது. எப்படின்னுதான் பாத்துட்டு இருக்கோம்."

"எங்க லைன்ல தெச்சத டப்பாவுல போட்டு அடுத்தவகிட்ட தள்ற மாதிரி! நான் கோணலா தெச்சு அனுப்பினா அடுத்தவளும் கோணலாதான் ஒட்டுவா."

"அதேதான்க்கா!"

படத்தில் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். பெருமை தாங்கவில்லை. மறுநாள் கம்பெனி பஸ் முழுக்கச் சொன்னார். "என் கேன்சர் பார்சல் கட்டி அனுப்புதுடி! வாங்கினவங்க அது பக்கம் சாஞ்சிடுவாங்களாம்!"

அவ்வளவுதான். அடுத்த நாள் அவர் பக்கத்து சீட் காலி. பார்சல் நமக்கும் வந்துவிட்டால்?

மூன்றாம் நாள் சூப்பர்வைசர் ஆதிகேசவன் பஸ் படியிலேயே மறித்தார். "கொஞ்ச நாள் வீட்ல இரும்மா. ஜனங்க பயப்படுறாங்க."

"கொஞ்ச நாள்னா எவ்ளோ சார்? நான் சாவுற வரைக்குமா?"

டிரைவர் ஹாரன் அடித்தார். அமிர்தவள்ளி படியை விட்டு இறங்கவில்லை. படத்தை எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

"நல்லா பாருங்கடி. இது கெளம்புற எடமும் என் ஒடம்பு, போய்ச் சேர்ற எடமும் என் ஒடம்பு. உங்க அட்ரஸ் எதுவும் இதுக்குத் தெரியாது. மூணு வருஷமா என் தட்டுல கை வெச்சு சாப்பிட்ற என் பொண்ணு ஸ்கூல்ல கபடி ஆடுறா. ஒட்டிக்கும்னு எழுதிக் குடுங்க சார், டாக்டரம்மாகிட்ட காட்டிட்டு வர்றேன்!"

ஆதிகேசவன் படியை மறித்தபடியே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பின்னாலிருந்து பில்கிஸ் எழுந்து வந்தாள். முதலில் சீட் மாறி உட்கார்ந்தவளே அவள்தான். "வழி விடுங்க சார், லேட்டாவுது. அக்கா, வா. ஆனா ஜன்னல் எனக்கு."

"ஆசையப் பாரு! ஜன்னல் என்னுது. நீ நகரு."

இன்றும் அந்த ஜன்னலோரம் அமிர்தவள்ளி அக்காதான். உங்கள் பஸ்ஸிலும் யாருக்காவது பக்கத்து சீட் காலியாகவே போகிறதா? இதை அச்செடுத்து அந்த பஸ்ஸில் கொடுங்கள். அதற்கு முன்னால், நீங்களே போய் அங்கே உட்காருங்கள்.