குறுக்கே போட்ட பெல்ற்

அத்தானை நான் பழி வாங்கினேன். இன்றுவரை அதற்காக வருந்தவில்லை.

போரில் இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்து, புதுக்குடியிருப்பில் அக்கா வீட்டில் இருந்த காலம் அது. அக்காவின் புருஷன், என் அத்தான், வீட்டு வளவுக்குள் ஒரு பட்டறை வைத்திருந்தார். மின்சாரம் கிடையாது. தோட்டத்துக்கு நீர் இறைக்கும் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டி, பெல்ற் மாட்டித்தான் கடைசல் மெசினைச் சுழற்றுவோம். ஒட்டு வேலைக்கான வாயுவுக்கும் தடை. அலுமினியச் சாமான் வெடிப்பு விட்டால் எறிய வேண்டியதுதான்.

எறிய எனக்கு மனம் வரவில்லை. மழுங்கிய இரும்பு சுழன்று உரசினால் அலுமினியம் உருகாமலே மாப்போல இளகுவதைக் கண்டிருந்தேன். லொறி அச்சு இரும்பில் ஒரு முளை கடைந்து, மெசினில் பூட்டிச் சுழற்றி, வெடிப்பு வழியே ஓட்டிப் பார்த்தேன். வெறும் உருளை வெடிப்பை உழுதுவிட்டுப் போனது. முனையைக் கூம்பாக்கி, மேலே அகலமாகத் தோள் விட்டேன். பிதுங்கிய உலோகம் தோளுக்கடியில் அடங்கியது, ஆனால் உடைத்துப் பார்த்தால் உள்ளே பொந்து. முளையில் திருகாணியில் இருப்பதுபோல மரை வெட்டினேன். அப்போதும் பொந்துதான், ஏனென்றால் மரை உலோகத்தை மேலே இழுத்தது. பெல்ற்றை எட்டுப்போலக் குறுக்கே போட்டு மெசினை மறுபக்கம் சுழற்றினேன். அதே மரை இப்போது உலோகத்தை அடிவரை அமுக்கியது. சுத்தியலால் அடித்தும் ஒட்டு அசையவில்லை.

கரைப்பக்கத்தில் படகும் ஆட்களும் வைத்து மீன்பிடிக்கும் சம்மாட்டியார் ஒருவர், எஞ்சினைப் படகோடு பிடித்து நிறுத்தும் அலுமினியத் தாங்கி வெடித்துவிட்டதென்று கொண்டுவந்தார். நான் ஒட்டிய துண்டை எடுத்துக் காட்டி, "இது என்ர மூளை" என்றார் அத்தான். சம்மாட்டியார் போனதும் அத்தான் முளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"பிள்ளை, இனி மெசினடிக்கு வராதை. சனம் என்ன கதைக்கும்? உன்ர அக்காவோட குசினியில சமையலைப் பார்."

அந்த வீட்டில் என்னை ஒரு ஆளாக வைத்திருந்தது அந்த மெசின் ஒன்றுதான்.

மறுநாள் வாசலில் நின்று பார்த்தேன். அத்தான் பெல்ற்றைக் கழற்றி நேராக மாட்டினார். குறுக்கே போட்டால் உரசித் தேயும், வன்னியில் வேறு பெல்ற் எங்கே கிடைக்கும் என்பது அவருடைய கவலை. நேராக மாட்டினால் மரை உலோகத்தை மேலே இழுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தாங்கியின் ஒட்டு மேல்பார்வைக்கு வழுவழுவென்று வந்தது. சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

சம்மாட்டியார் ஆட்களோடு வந்தார்.

"ஐயா, கடலில போய் உடையாமல் இஞ்சையே அடிச்சுப் பார்த்து எடுங்கோ" என்றேன், எல்லாருக்கும் கேட்க.

ஒரே அடி. தாங்கி இரண்டாகப் பிளந்தது. ஒட்டின் நீளத்துக்கும் பொந்து. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை.

"இது இல்லாட்டி நாங்கள் என்னெண்டு தொழிலுக்குப் போறது?" என்று சம்மாட்டியார் கத்தினார்.

அத்தான் முகம் கறுத்துப்போனார். "நீ செய்து குடு பிள்ளை" என்றார்.

"செய்யிறன். நீங்கள் வெளியில நில்லுங்கோ, அத்தான். முடியுமட்டும் ஒருத்தரும் உள்ளுக்கு வரப்படாது."

போனார். கதவைச் சாத்தி, பெல்ற்றைக் குறுக்கே மாட்டினேன். தன் பட்டறைக்கு வெளியே, வெயிலில் நின்று அவர் அத்தனை பேருக்கும் பதில் சொல்வது எனக்குக் கேட்டது. வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. கதவைத் திறக்க நான் அவசரப்படவில்லை.