திரை அசையாத அறை

அக்கா முதலில் மின்விசிறியை நிறுத்துவார். பிறகுதான் சன்னல் திரையை இழுத்து மூடுவார். சைகோன் நகரத்தின் கான் ஹொய் பகுதியில், பழைய துறைமுகத்துக்குப் பின்னால், எதிரெதிர் வீட்டுக்காரர்கள் கையை நீட்டித் தட்டு மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு சந்தின் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். காது கேளாதவர்களுக்கு உதவும் சின்னத் தொண்டு நிறுவனம். மற்ற இடங்களில் ரகசியம் பேசக் கதவைச் சாத்தினால் போதும். எங்களிடம் வந்தவர்கள் கையால் பேசினார்கள். சந்தின் எதிர்ப்பக்கக் காப்பிக்கடையோ காது கேளாதவர்கள் கூடுகிற இடம். சன்னல் திறந்திருந்தால் ஐஸ் காப்பியை உறிஞ்சிக்கொண்டே உள்ளே நடக்கும் பேச்சு முழுவதையும் பார்த்துவிடுவார்கள். மின்விசிறி சுழன்றால் திரை பறக்கும், அதனால் மின்விசிறி கூடாது. சைகோன் வெக்கையில் அந்த அறைக்குள் போனவர்கள் எல்லோரும் தொப்பலாக நனைந்துதான் வெளியே வந்தார்கள்.

அக்காவின் அப்பா காரைக்கால்காரர். போரில் சைகோன் விழுந்த பிறகு நம் ஊர்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போனபோது, வியட்நாமிய மனைவியோடு இங்கேயே தங்கிவிட்டவர். அந்த அம்மாவுக்குக் காது கேட்காது. ஆகவே அக்காவுக்குச் சைகைதான் தாய்மொழி, தமிழ் அப்பா வழி வந்தது. நானும் காரைக்கால்தான். கணவருக்கு நகரத்தின் மறுகோடியில், தூ டுக்கில் வேலை. வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்க்கப் பிடிக்காமல் அந்த அலுவலகத்தில் வரவேற்பு மேசைக்கு வந்து சேர்ந்தேன். அக்காவின் வேலை மொழிபெயர்ப்பும் ஆலோசனையும். வேலையில் சேர்ந்தபோது, இங்கே பார்ப்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் என்னை உட்காரவே விட்டார். சில மாதங்களில் சைகையும் எனக்குப் புரியத் தொடங்கியது. ஆனால் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. மனதில் இருப்பது முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும்.

ஒரு விஷயத்தில் எங்கள் இருவருக்கும் ஓயாத சண்டை. யாருமே வராத நாளிலும் அக்கா வழக்கமான நேரத்தில் மின்விசிறியை நிறுத்தி, திரையை மூடிக்கொண்டு, வெறும் அறையில் தனியாக வெந்துகொண்டிருப்பார். இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று கேட்டேவிட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“ஆள் இருக்கறப்ப மட்டும் மூடினா, மூடியிருக்கறதே சேதி சொல்லிடும், தங்கச்சி.”

அந்த அறைக்குத்தான் தையல் ஆலையில் வேலை செய்த அந்தப் பெண் வந்தாள். அவளுக்கும் காது கேட்காது, அவள் அம்மாவுக்கும் கேட்காது. கணவன் அடித்த அடியில் அவள் கன்னம் வீங்கியிருந்தது. அம்மா வீட்டுக்கு ஓடியபோதெல்லாம், பொறுத்துப் போ என்று அம்மா திருப்பி அனுப்பியிருக்கிறாள். அக்கா அவளுக்கு வேறு ஊரில் தங்க இடமும் வேலையும் பார்த்துக் கொடுத்தார். போன இடம் அம்மாவுக்குத் தெரிந்தால் கணவனுக்கும் தெரிந்துவிடும். யாருக்கும் சொல்லாமல் போய்விட்டாள்.

சில நாளில் அம்மா வந்துவிட்டாள். சந்தையில் ஒட்டரிசிச் சோறு விற்கிறவள். அக்காவின் அம்மாவுக்கு நெருங்கிய தோழி. சின்ன வயதில் அக்காவுக்கு ஊட்டிவிட்ட கை அது. அந்தக் கை இப்போது கேட்டது: என் மகள் இங்கே வந்தாளா? உயிரோடு இருக்கிறாளா, அதை மட்டும் சொல். சைகையில் பாதிப் பேச்சு முகத்தில்தான் இருக்கிறது. கையை நிறுத்தினாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அக்கா எல்லோரிடமும் சொல்கிற பதிலையே, எல்லோரிடமும் வைத்திருக்கிற அதே முகத்தோடு சொன்னார். இங்கே யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று நான் சொல்வதில்லை. அம்மா மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். மனுஷிதானா இவர் என்று அக்காவைப் பற்றி நினைத்தேன், இன்றைக்கும் அந்த நினைப்பு முழுவதும் போய்விட்டதாகச் சொல்ல மாட்டேன்.

கடைசியாக வந்த நாளில் அக்கா ஒன்று கேட்டார். யாராவது ஒருநாள் வந்து விசாரித்தால், நீங்கள் தேடி வந்ததைச் சொல்லலாமா? கொதித்துப்போயிருந்த அம்மா, சொல்லக் கூடாது என்று கையால் காற்றை வெட்டிவிட்டுப் படியிறங்கினாள். அதன் பிறகு ஒவ்வொரு தெத் புத்தாண்டுக்கும் அக்கா பழக்கூடையோடு அவள் வீட்டுக்குப் போய் இதே கேள்வியைக் கேட்பார். ஒவ்வொரு முறையும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். துணைக்குப் போகிற எனக்கு, ஆறப்போகிற புண்ணை வருஷம் தவறாமல் கிளறுவது போல இருந்தது.

பிறகு ஒரு மழைக்காலத்தில் மகள் வந்தாள். கன்னம் தேறியிருந்தது. கேட்டது ஒன்றுதான்: அம்மா என்னைத் தேடி வந்தாளா? வந்திருந்தால் வீட்டுக்குப் போவேன், இல்லையென்றால் எனக்கு அம்மா இல்லை. அக்கா அவளுக்கும் அதே பதிலையே சொன்னார். அவள் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து நான் மேசையை விட்டு எழுந்தேவிட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் திரும்ப உட்கார்ந்தேன். தெத் கழிந்து இன்னொரு முறை வரும்படி மட்டும் சொல்லி அனுப்பினார்.

அவள் படியிறங்கியதும் வெடித்தேன். அம்மா இருமி இருமி ஒடுங்கிப்போயிருந்தாள், சந்தைக்கு வருவதே குறைந்துவிட்டது. இன்றைக்கே போய் அனுமதி கேட்டால் என்ன?

“இன்னிக்குப் போய்க் கேட்டா, ஏன் இன்னிக்குன்னு அவங்களுக்குப் புரிஞ்சிடும். மவ வந்துட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். புத்தாண்டுல கேட்டாதான் அது வெறுங்கேள்வி. அதுக்குத்தானே வருஷா வருஷம் போறேன்.”

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அதற்காகக் காத்திருப்பது எளிதாகிவிடவில்லை. மழை விடும்வரை, சந்தையைத் தாண்டும்போதெல்லாம் அந்தச் சோற்றுக்கூடை இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லாத நாளில் சாப்பாடு இறங்காது. அதற்குள் அந்த அம்மா போய்விட்டால் அக்கா என்ன செய்வார்? கேட்டேன். அக்கா மேசையில் இருந்த தாள்களை அடுக்கினார்.

தெத் அன்று அதே பழக்கூடை, அதே நாற்காலி, அதே கேள்வி. அக்காவின் முகத்தில் ஒரு மயிரிழை மாற்றம் இல்லை. நான் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று சுவர் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள். வாசல் திரையை இழுத்துவிட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்து, இருமலுக்கு நடுவே கையை உயர்த்தினாள்.

“கேட்டா சொல்லு. நான் வந்தேன்னு சொல்லு. தினமும் வந்தேன்னு சொல்லு.”

யாராவது கேட்டால் சொல்கிறேன் என்றார் அக்கா. அவ்வளவுதான். சந்துக்கு வந்ததும் மோட்டார் சைக்கிளில் அலுவலகச் சாவியை நுழைக்கப் பார்த்தார். நான் வாங்கிச் சரியான சாவியைப் போட்டேன்.

தெத் கழிந்து மகள் வந்தபோது நான் அறைக்கு வெளியேதான் இருந்தேன். உள்ளே மின்விசிறி நின்றது, திரை விழுந்தது. தாயிடமும் மகளிடமும் தனித்தனியாக அனுமதி கேட்டு, சிலவற்றை மாற்றித்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் அந்த அறைக்குள் நடந்ததை என்னால் எழுத முடியாது, எனக்கே தெரியாது. இன்று அங்கே ஏ.சி. இருக்கிறது, சன்னல் கண்ணாடியிலும் பனி படர்ந்தது போல வெள்ளைத் தாள் ஒட்டிவிட்டார்கள். இப்போதெல்லாம் யாராவது ஈர முகத்தோடு வெளியே வந்தால், அழுதிருக்கிறார்கள் என்று காப்பிக்கடை வரை தெரிந்துவிடுகிறது. அன்று கதவு திறந்து அக்காவும் அந்தப் பெண்ணும் வெளியே வந்தார்கள். இருவர் முகமும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. எதிர்க் கடையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, உள்ளே நல்ல புழுக்கம்போல என்று காப்பியைக் குடித்தார்கள்.